இரண்டு முன்னட்டை வைத்த கொமிக்ஸ்

போன கிழமை வந்தாறுமூலைக் கம்பஸுக்கு எதிரே உள்ள ஃபோட்டோக்கொப்பிக் கடையில் என் பாட ஒப்படையைக் கொப்பியடிக்கக் கொடுத்தேன். "எந்தப் பக்கம் பின் அடிக்கிற, தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். கையில் சூடு ஆறாத தாள்கள், அந்தக் கருகல் வாசம். எங்கள் கொமிக்ஸை அசையும் படமாக்கினால் என்ன என்று அந்த நொடியில்தான் தோன்றியது. எந்தக் கொமிக்ஸ் என்கிறீர்களா? சொல்கிறேன்.

பள்ளியில் உயர்தரம் படித்த காலம். ரியூஷனில் என் பக்கத்துக் கதிரை அஸ்லமுடையது, ஆள் காத்தான்குடி. நான் மாமா சேர்த்து வைத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைக் கொமிக்ஸில் வளர்ந்தவன்: தொப்பி, துப்பாக்கி, குதிரை, மூக்கை வைத்தால் தும்மல் வருகிற பழுப்புத் தாள். அவனோ ஜப்பான் கொமிக்ஸான மங்காவாக விழுங்குகிறவன். அவன் கொப்பியடித்துத் தந்த முதல் மங்காவை வழக்கம்போல இடப்பக்கமாகத் திறந்து படித்தேன். செத்தவன் எழும்பினான், அடி வாங்கினான், கடைசியில் தாய் மடியில் குழந்தையாகிப் போனான். ஜப்பான்காரருக்கு என்ன மூளை என்று அவனிடமே வியந்தேன்.

"டேய் விசரா, வலப்பக்கத்தில இருந்து வாசிக்கணும்டா!"

சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் பழகியவனுக்கு வலமிருந்து இடம் போவது மூச்சு விடுகிற மாதிரி.

பிறகு நாங்களே படமும் கதையுமாய் ஒன்று கீறினோம். வாவியில் ஓர் இயந்திர முதலை. அதைப் பிடிக்க என் ஊர் அமிர்தகழிக் கரையில் இருந்து தோணியில் வருகிறாள் ஒருத்தி, காத்தான்குடிக் கரையில் இருந்து வருகிறான் ஒருவன். அவள் பாதி எனக்கு, அவன் பாதி அஸ்லமுக்கு. மாணவர் கண்காட்சியில் மேசையும் கேட்டு வாங்கியாயிற்று. "பொம்மை கீறுற ரெண்டு பேரும் என்னத்தக் கிழிக்கிறாங்க எண்டு பாப்பம்" என்று வகுப்பே காத்திருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் கொப்பிக் கடையில் தாள்களை அடுக்கினால், என் பாதி இடப்பக்கம் இருந்து ஓடுகிறது, அவன் பாதி வலப்பக்கம் இருந்து! ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே இருவருக்கும் படவில்லை.

"நீ திருப்பிக் கீறு."

"ஏன், நீ கீறன் மச்சான்!"

கோபத்தில் அவன் தன் கட்டைத் தூக்கி என் கட்டுக்கு அடியில் கவிழ்த்துப் போட்டான். இருவரும் அதைப் பார்த்தபடி நின்றோம். முன்னால் திறந்தால் என் கதை. பின்னால் திருப்பித் திறந்தால் அவன் கதை. இரண்டும் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி, கடை மேசையிலேயே குனிந்து கீறினோம்: இரண்டு தோணியும் மூக்கோடு மூக்கு, கீழே முதலை. என் ஆளுக்குக் கடுகுக் கண். அவன் ஆளுக்கு முகத்தில் பாதி கண்.

கண்காட்சியில் சித்திரம் படிப்பிக்கிற சேர் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதில எதுடா முன்னட்டை?"

அஸ்லம் யோசிக்கவே இல்லை. "நீங்க எந்தக் கரையில இருந்து வாறீங்களோ, அது சேர்."

மத்தியானத்துக்குள் ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. கேலி பண்ணிய வகுப்பும் வரிசையில் நின்று வாங்கியது. இதை எழுதும்போதும் நெஞ்சு நிமிர்கிறது, மறைக்க மாட்டேன்.

அந்த ரியூஷன் கொட்டில் இப்போது போன் திருத்தும் கடை. மாமாவின் கொமிக்ஸைக் கறையான் முடித்துவிட்டது. அஸ்லம் கட்டார் நாட்டில் வேலையில். எங்கள் புத்தகம் எங்களிடமே இல்லை. படமாக்குவோமா என்று கேட்டு அனுப்பினேன், உடனே குரல் பதிவு வந்தது: "செய்வம் மச்சான். முதல்ல தண்ணிய அசைய வை. தண்ணி பிழைச்சா எல்லாம் பிழைச்சிரும்."

சரிதான். சனிக்கிழமை விடிய அமிர்தகழிக் கரையில் போய் இருக்கப்போகிறேன். ஒரு தோணி கடந்து போன பிறகு, அது கிழித்த தண்ணீர் எப்படித் திரும்ப மூடிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் அதைத்தான் கீறப்போகிறேன்.