மாவுக்கட்டுக்குள் ஒரு கோடை

கோயில் கோபுரத்தில் நட்சத்திரம் கட்ட ஏறியபோதுதான் விழுந்தேன். எழுபதுகளின் கடைசி. கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஆனையூருக்கு வடக்கே, அன்று வயலும் கருவேலமுமாகக் கிடந்த இடத்தில் எங்கள் சின்னக் கோயில் இருந்தது. நான் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். ஏணி எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்று மூங்கில் ஏணியின் கால் மணலில் சறுக்கிவிட்டது. கைப்பிடிச் சுவரில் இடுப்பு மோதி, பிறகுதான் தரைக்கு வந்தேன். வலி தெரியவில்லை. மணலில் கோணலாகக் கிடந்த கால்களைப் பார்த்து, யாருடைய கால் இது என்று ஒரு கணம் நினைத்தேன்.

அண்ணன் ஓடி வந்தான். "டேய், கால அசைடா."

"அசைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

அவன் முகம் மாறியது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கோயில் பெஞ்சு ஒன்றில் என்னைக் கிடத்தி, பெஞ்சோடு தூக்கிப் பால் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதுகெலும்பு உடைந்திருந்தது. உள்ளே ஓடும் நரம்பு அறுந்துவிடவில்லை, நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நெஞ்சிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை மாவுக்கட்டு போட்டார்கள். பிறகு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அசையாமப் படுக்கணும். கால் வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன்" என்று அனுப்பி வைத்தார்.

கயிற்றுக் கட்டில் கூடாது, கெட்டியான பலகைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் எங்கள் அறைக் கதவைக் கழற்றி, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன் மேல் என்னைப் படுக்க வைத்தான். வாசலுக்கு அம்மாவின் பழைய சேலை திரையாகத் தொங்கியது. எனக்குக் கல்யாணமாகி ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அறைக்குத்தான் என் மனைவி புதுப்பெண்ணாக வந்தாள். இப்போது கதவே இல்லாத அறையில், என் மலத்தை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பார்க்க வேறு எதுவும் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்ட வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். அம்மா தோளைப் பிடிப்பாள், மனைவி இடுப்பைப் பிடிப்பாள். "ஏசப்பா" என்று அம்மா சொன்னதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உருட்டுவார்கள். தைமாதக் குளிரில் அது பரவாயில்லாமல் இருந்தது. மாசி கழிந்து வெயில் ஏறியபோது மாவுக்கட்டுக்குள் வேர்வை ஊறி, அரிப்பு தொடங்கியது. சொறிய முடியாது. பனையோலை ஈர்க்கை உள்ளே விட்டு மனைவி தேய்ப்பாள். அரிக்கும் இடத்துக்கு அது எட்டாது. ஒருநாள் எறும்பு உள்ளே போய்விட்டது. அது என் வயிற்றின் மேல் ஊர்ந்து ஊர்ந்து, உணர்ச்சி இல்லாத இடத்துக்குப் போய்க் காணாமல் போனது. இனி என்னைக் கடித்தாலும் எனக்குத் தெரியாது என்று நினைத்து அழுதேன்.

நான் சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பொறுக்காமல் அண்ணன் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்வாகக் கட்டித் தொங்கவிட்டான். அதில் ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. சைக்கிளில் போகிறவர்கள், தண்ணீர்க் குடத்தோடு நடக்கிறவர்கள், மில் ஷிஃப்ட் முடிந்து பேசிக்கொண்டே வரும் என் கூட்டாளிகள். நான்கு நாள் ஆசையாகப் பார்த்தேன். ஐந்தாம் நாள், "அதைக் கழட்டுண்ணே" என்றேன். எல்லோரும் அவ்வளவு லேசாக நடந்து போனார்கள். அண்ணன் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் வந்தார். காளவாசல் தாண்டி மேற்கே வாழைத் தோட்டம் வைத்திருந்தவர். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மாவிடம் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் கதவு இல்லையே, எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீக. பிள்ள எலும்பும் தோலுமா இருக்கு. கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போய் வச்சிருந்து அனுப்புறேன்."

அம்மா, "கூட்டிட்டுப் போங்கண்ணே, நான் என்னத்தச் சொல்ல" என்றாள்.

கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அவள் போவதுதான் நியாயம் என்று பட்டது. போகக் கூடாதே என்றும் இருந்தது. காதைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்துபோகக்கூட வழியில்லாமல் அவள் பதிலுக்காகக் காத்துக் கிடந்தேன்.

"அத்தையால ஒத்தையில புரட்ட முடியாதுப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. மாமனார் திரையை விலக்கி உள்ளே வந்து, என் தலைமாட்டில் நின்றார். "ஒடம்பப் பாத்துக்கங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வாரம் தவறாமல் வாழைத்தாரோடு வந்தார், கூட்டிப் போகும் பேச்சை எடுக்கவே இல்லை.

கோயில் பெண்கள் வெள்ளிக்கிழமை மதியம் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். ஆனால் ஆண்டவர் வேலை செய்யப் போனவனை ஆண்டவர் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வி எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர்களிடம் கேட்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பேன். அம்மாவின் ஜெபமும் நாள் முழுக்க ஓடும். அரிசி களையும்போது, முற்றம் பெருக்கும்போது, என் காலைத் துடைக்கும்போது. சில நேரம் அந்த முணுமுணுப்பும் இன்னொரு மாவுக்கட்டு போல என்னை இறுக்கும்.

சித்திரையில் அம்மா ஒரு பிரசங்கியாரை அழைத்து வந்தாள். நோயாளிகளை எழுப்புகிறவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கூடவே இரண்டு பேர் வந்தார்கள். தலையில் கை வைத்து உரக்க ஜெபம் செய்தார். அறையே அதிர்ந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அவரை நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிக் கிடக்கிற எவனும் நம்புவான்.

"தம்பி, விசுவாசம் இருக்கா?"

"இருக்குங்கய்யா."

"அப்ப எந்திரி!"

இரண்டு பேரும் என் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு சுவரை நேராகப் பார்த்தேன். தலை சுற்றியது. "விடுங்க, அவன் நிப்பான்" என்றார் பிரசங்கியார். விட்டார்கள். நான் அப்படியே மடங்கி விழுந்தேன். இடுப்புப் பக்கம் மாவுக்கட்டு படாரென்று வெடித்த சத்தம் கேட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எல்லாம் ஓடி வந்தார்கள்.

பிரசங்கியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல யாருக்கோ விசுவாசக் குறை இருக்கு" என்றார். அவர் பார்வை என் மனைவி மேல் இருந்தது.

அவள் அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. "அவுகள மொதல்ல தூக்குங்க" என்றாள். "தூக்கின மாதிரியே பதனமாப் படுக்க வச்சிட்டு, அப்பறம் போங்க. இன்னொரு தடவ இந்த வாசலுக்கு வராதீக."

அவர்கள் என்னைத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மாவுக்கட்டு. டாக்டர் திட்டிய திட்டை எல்லாம் அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். எலும்பு பெரிதாக விலகவில்லை, ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். அக்கினி வெயில் முழுவதும் எனக்குப் புதுக் கட்டுக்குள் கழிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். அம்மாவின் முணுமுணுப்பு நின்றிருந்தது. அரிசி களையும் சத்தம் மட்டும் கேட்டது. என்னைப் புரட்டும்போது "ம்" என்றாள், அவ்வளவுதான். எத்தனையோ நாள் நின்றால் போதும் என்று நினைத்த அந்தச் சத்தம் நின்றபோது வீடு பாழடைந்ததுபோல் இருந்தது. அவளுக்குச் சோறும் இறங்கவில்லை.

ஒரு காலையில் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், "ஜெபம் பண்ணும்மா" என்றேன்.

"எந்த வாயால பண்ண? நாந்தானய்யா அந்த ஆளக் கூட்டியாந்தேன். இனி என்னன்னு கேக்க?"

"நடக்கணும்னு கேக்காத. இப்பப் புரட்டும்போது வலிக்காம இருக்கணும்னு கேளு. அது போதும்."

அவள் துணியைப் பிழிந்து பலகையோரம் போட்டாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டாள். இருவரும் பிடித்தார்கள். "ஏசப்பா, எம்பிள்ளைக்கு வலிக்காமப் பாத்துக்க" என்றாள். புரட்டினார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னேன். மனைவி என்னைப் பார்த்து, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். அம்மாவுக்குப் புரிந்து, அவளும் சிரித்தாள், அழுதாள். விழுந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். எனக்குள் இருந்த கோபம் அதனால் போய்விடவில்லை. ஆனால் அன்றைக்கு, தனியாக இல்லை என்று மட்டும் தெரிந்தது.

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அண்ணன் திடீரென்று கையை எடுத்துக்கொண்டான். "நீயாடா அசைச்ச?" என்றான். வலது கால் பெருவிரல் அசைந்திருந்தது. அப்போது யாரும் ஜெபம் செய்துகொண்டிருக்கவில்லை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்த உடம்பு வெளுத்துச் சுருங்கி, யாரோ கிழவனுடையது மாதிரி இருந்தது. மாமனார் மூங்கில் கொண்டுவந்து, கொல்லையில் இரண்டு வரிசையாகக் கால் நட்டுக் கைப்பிடி கட்டிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விழுந்தேன், நின்றேன். வலது கால் முதலில் வந்தது. இடது கால் பாதிதான் வந்தது. இன்றும் இழுத்துத்தான் நடக்கிறேன். மில்லில் எனக்கு ஸ்டோர் அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

கம்பு ஊன்றிக் கோயிலுக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லச் சொன்னார்கள். எல்லோர் முகத்திலும் ஓர் எதிர்பார்ப்பு. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஆண்டவர் என்னை எழுப்பினார் என்று சொன்னால் போதும், முடிந்துவிடும். எனக்கு வாய் வரவில்லை.

"நிக்கிறேன்" என்றேன். "எங்கம்மாவும் இவளும் புரட்டிப் புரட்டிப் போட்டாக, அண்ணன் காலுக்கு எண்ணெ தேச்சான். அதனால நிக்கிறேன். ஆண்டவர்ட்ட எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு. அத அவர்ட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

 எங்கள் போதகர் ஐயர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அடுத்த பாட்டைத் தொடங்கச் சொன்னார். அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் அண்ணன் என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்கு அழைத்துப்போனான். கடைக்காரர் அவசரமாகப் பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்கண்ணே" என்றார்.

"இருக்கட்டும், நின்னுக்கிறேன்" என்றேன்.

கால் நடுங்கியது. டீயும் கொஞ்சம் சிந்தியது. முழு டம்ளரையும் நின்றே குடித்து முடித்தேன்.