பேட்ஜ் வாங்கிய நோயாளி

வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குளிப்பாட்டுவாள், புரட்டிப் படுக்கவைப்பாள், நாற்காலிக்கு மாற்றுவாள். நோயாளி போய்ச் சேர்ந்தால் வேலையும் போய்விடும். அடுத்த வீட்டில் முதல் கேள்வி: “முன்னாடி யாரைப் பாத்துக்கிட்டீங்க?” போய்ச் சேர்ந்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள்.

அதனால்தான் அந்த இணையப் பயிற்சியில் சேர்ந்தாள். பாடம் முடித்து, செய்து காட்டும் வீடியோவை அனுப்பினால் டிஜிட்டல் பேட்ஜ் வரும். காகிதமில்லை, ஒரு லிங்க்தான். தொட்டால் பெயர், திறமை, கூடவே அந்த வீடியோ.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே மெயில் ஐடி, கணவனுடையது. அதிலேயே பதிந்தாள். வீடியோவுக்கு நோயாளியாகவும் அவனே படுத்தான்.

“உடம்பைத் தளர விடுங்க. எனக்கு உதவி பண்ணக்கூடாது.”

“வீட்ல உதவி பண்ணாம இருக்க எனக்குச் சொல்லித்தரணுமா?”

பேட்ஜ் வந்தது, அவன் பெயரில். அதைக் கவனிக்காமல், பெருமை தாங்காமல், தன்னைப்போன்ற வேன் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துவிட்டான். கிண்டல்கள் வந்து குவிந்தன.

“மாப்ள, இனிமே லோடு ஏத்த ஆள் வேண்டாம். நீயே தூக்கிடு.”

“அண்ணே, இடுப்பு பிடிச்சிருக்கு. எப்ப வர்றீங்க?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கவாத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை, மறுநாள் நேர்காணல், பேட்ஜ் கட்டாயம். பெயரைத் திருத்தக் கேட்டு எழுதினாள். சரிபார்த்துச் சொல்வதாகப் பதில் வந்தது.

காலையில் அவள் கிளம்பவில்லை.

“போய் என்னன்னு சொல்றது? என் வீட்டுக்காரர் நல்லாத் தூக்குவார்னா?”

“தூக்கினது நீதானே? ஏறு வண்டில.”

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் லிங்கைத் தொட்டார். “இது ஆம்பளை பேரா இருக்கே?”

“என் வீட்டுக்காரர் பேர், சிஸ்டர். அவர் மெயில்ல சேர்ந்துட்டேன். கொஞ்சம் வீடியோவைப் பாருங்க.”

திரையில் அவள் அவன் முழங்கால்களைத் தன் முழங்கால்களால் அணைகொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, ஒரே மூச்சில் நாற்காலிக்குத் திருப்பினாள். அவன் தலை பொம்மைபோல ஆடியது.

“தூக்குறது நீங்க. படுத்திருக்கிறவர் யாரு?”

“அவர்தான் பேட்ஜ் வாங்கினவர்.”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். இம்முறை சிரிக்காமல் பார்த்தார்.

“திங்கக்கிழமை வாங்க. பேர் மாறினதும் லிங்கை அனுப்பிடுங்க. அதுக்கப்புறம்தான் நிரந்தரம்.”

வேனில் கணவன் போனை நீட்டினான். பயிற்சிக்காரர்களின் பதில்: வீடியோவில் செய்து காட்டுவது நீங்கள்தான் என்று உறுதிசெய்துவிட்டோம், உங்கள் சொந்த மெயில் ஐடியை அனுப்புங்கள், பேட்ஜை அதற்கு மாற்றித் தருகிறோம்.

அங்கேயே உட்கார்ந்து புதிதாக ஒன்று தொடங்கினாள். பெயர் கேட்ட கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

“பாஸ்வேர்ட் என்ன வெக்கிற?”

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.