ஒரு வார்த்தைக்காக

பல் மருத்துவமனையின் பின்னறையில் பதினாறு வருடமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தாள் அவள். வருகிறவர்கள் எல்லாரும் ‘பல்லக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னலோரம் மேசை, வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பல்செட் ஈறைக் குத்தினால் நோயாளியே பின்னறைக்கு வந்து வாயைத் திறந்து காட்டுவார். அங்கேயே தேய்த்துப் போட்டுவிட்டு, சிரிக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்புவாள்.

ஊருக்கு வெளியே புதிதாகத் தொடங்கிய பல் தயாரிப்பு நிறுவனம் அவளை அழைத்தது. சம்பளம் ஒன்றரை மடங்கு.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போறா” என்றார் குழாய் ரிப்பேர் செய்யும் அவள் கணவர்.

“எனக்கு இப்ப இருக்கிற இடமே பிடிச்சிருக்குங்க.”

“பிடிச்சா போதுமா?”

மூன்று வாரம் இழுத்தடித்தாள். கடைசியில் டாக்டரிடம் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. ‘நீங்க போனா எப்படி?’ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். சம்பளம்கூட உயர்த்த வேண்டாம், இருந்துவிடலாம். வீட்டில் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“அட, நல்ல விஷயமாச்சே! விட்டுடாதீங்க. நானே உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருந்தேன். இனிமே பல்லெல்லாம் வெளியில கொடுத்து வாங்கிக்கலாம்னு இருக்கேன். உங்க ரூம்ல எக்ஸ்ரே மெஷின் போடணும்.”

“ரொம்ப சந்தோஷம் டாக்டர்” என்றது அவள் வாய். மேசையில் பாதியில் கிடந்த பல்செட் ஒரு மணி நேர வேலை. அன்று சாயங்காலம் வரை ஆனது.

புது இடத்தில் ஜன்னலே கிடையாது. வரிசை வரிசையாக நாற்பது பேர். ஒருவர் பல் பதிப்பார், அடுத்தவர் நிறம் பார்ப்பார், அவள் பாலிஷ் மட்டும் போட வேண்டும். பெட்டியில் பெயர் இருக்காது, எண்தான். இரண்டாவது மாதம் ஒரு பெட்டிக்குள் டாக்டரின் கையெழுத்தில் சீட்டு இருந்தது: மேல் தாடை, அவசரம். யாருடைய வாயோ?

“என்னங்க, ஒரே பெட்டியைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருக்கீங்க?” என்றார் மேற்பார்வையாளர். பாலிஷ் போட்டுத் தள்ளிவிட்டாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கணவரிடம் சொல்லியே விட்டாள். “அங்க இருக்கவே முடியலங்க.”

அவர் கை தட்டிலேயே நின்றது. “பழைய இடத்துக்கே போயிடேன்.”

“அங்க இப்ப இடமில்ல.”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “நான்தான் உன்னைப் பிடிச்சுத் தள்ளிட்டேன்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், பழைய இடத்தில் தான் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு தினமும் காலையில் அவரே வண்டியில் ஏற்றிப் பேருந்து நிறுத்தத்தில் விடுகிறார். பேருந்து வரும்வரை, தப்பு செய்தவர்போலத் தலை குனிந்து பக்கத்தில் நிற்கிறார். அவளும் ஒன்றும் சொல்வதில்லை.