மூணாவது தடவைக்கு ஏன்னு கேட்ட தவளை

ஏண்டி, விளக்கு வெக்கிற நேரத்துல வந்து பேய் இருக்கான்னு கேக்குற கேள்வியா இது? தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போற, ராத்திரி பாத்ரூம் போக என்னையத் துணைக்குக் கூப்பிடவா? சரி, உக்காரு. பேய் பிசாசெல்லாம் நான் நம்புனதே இல்லே. மாமியாரோடயே இருபது வருசம் இருந்தவ நான்.

என் வீட்டு முன் ரூம்புல வாடகைக்கு இருக்குதே மீனா, தவளை ஆராய்ச்சி பண்ற பொண்ணு, அது ஒரு தவளையத் தேடிக்கிட்டு இருந்துச்சு. அந்த சாதியே அழிஞ்சுபோச்சுன்னு எழுதி வெச்சுட்டாங்களாம். அது கடைசியா இருந்த எடம், அக்கரையில பத்து காவான்ங்கிற ஊர்ல நான் வேலை செஞ்ச தோட்டத்துச் சேத்துக்குளம், முக்காவாசி செம்மண்ணு கொட்டி மூடியாச்சு, மிச்சத்தையும் திங்கக்கிழமை மூடிருவாங்க. அதுக்குள்ள அதோட சத்தம் ஒண்ணாச்சும் மெசின்ல பதிஞ்சாத்தான் லாரிய நிறுத்த முடியும். அந்தச் சத்தத்தக் கேட்டவ நான் ஒருத்திதான் மிச்சம். மங்குக் கிண்ணத்துல கரண்டி தட்டுன மாதிரி, டொக், டொடொக். "பாட்டி, நீங்களே வந்து கத்துங்க லா"ன்னுச்சு மீனா. மீனாவோட காடியில, அதான் காருல, பாலம் தாண்டிப் போனோம்.

ஞாயித்துக்கிழமை, மழை விட்டு பொழுது சாயுற நேரம். கத்துனேன். ஒண்ணுமில்லே. இன்னொருக்கா. ம்ஹூம். மீனாவுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு, மெசின மூடப் போயிருச்சு.

"இருடி! தோட்டத்துல பொழுது சாஞ்சப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டா நாங்களே ஏன்னு கேக்க மாட்டோம், பேயா இருக்கும்னு. பேய் மூணாவது தடவை கூப்பிடாது, அதனால மூணாவதுக்குத்தான் வாயத் தொறப்போம். இதுவும் எங்க தோட்டத்துத் தவளைதானே?"

மூணாவதும் கத்துனேன். நம்புனா நம்பு, டொக், டொடொக். குளத்துலேர்ந்து இல்லேடி, மூடுன மண்ணுக்குள்ளேர்ந்து, என் சிலிப்பருக்கு நேர் கீழே, உள்ளங்காலு அதிருது. மீனா புடிச்ச புடியில என் வளையல் ஒடஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் கையாலயே முழங்கை ஆழம் தோண்டுனோம். இறுகுன மண்ணு, ஒரு பொந்துகூட இல்லே.

சத்தம் மெசின்ல பதிஞ்சிருச்சு. லாரி நின்னுபோச்சு, ஆனா இப்ப தவளையக் கண்ணால காட்டணுமாம். விடுவேனா? மழை பெஞ்சா மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கெளம்பிருவோம்.

போன வாரம் மழையில போக முடியல, முட்டி வலி. அன்னிக்கு, இங்கதான், பதினோராவது மாடி, என் சமையக்கட்டுத் தரைக்குள்ளேர்ந்து டொக், டொடொக். ரெண்டு தடவை. மக்சிக்னு நாங்க கூப்பிடுற கீழ்வீட்டு மலாய்க்காரம்மாவும் பக்கத்து வீட்டு ராணியும் ஓடி வந்து என்ன சத்தம்னு கேட்டாங்க.

"பைப்பு"ன்னேன்.

"பைப்பு ஆளக் கூப்பிடலையா பாட்டி?"ன்னா ராணி.

"ரெண்டு தடவைதானே தட்டியிருக்கு. மூணாவதும் தட்டட்டும், நானே ஏன்னு கேட்டுக்கிறேன்"னு சொல்லி அனுப்பிட்டேன்.