முருகருக்கு ஒதுக்கிய ஆணி

இன்று இருங்காட்டுக்கோட்டை ஹார்டுவேர் கடையில் எல் கிளாம்ப் கேட்டேன். டிரஸ்ஸிங் டேபிளைச் சுவரோடு பிடித்து நிறுத்த என்றதும் கடைக்காரர் கேட்டார்:

"இன்னாம்மா, அதக்கூடவா தூக்கினு போறானுங்க?"

திருடனுக்காக இல்லை, என் மகளுக்காக. இரண்டு வயது. காலையில் டிராயர்களை இழுத்து, படி மாதிரி ஏறியிருக்கிறாள். ஆளுயரக் கண்ணாடியோடு டேபிள் அவள் மேல் சாய, ஓடிப்போய்த் தோளால் தாங்கினேன். 1991-இல் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த டேபிள். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர் அதில் ஏறி விளையாடியும் அன்றைக்கு எப்படி விழாமல் நின்றது?

ஆனால் இது வாடகை வீடு. சாமி படத்துக்கு ஒரே ஒரு ஆணி அடிக்கலாம், அவ்வளவுதான்.

ஹவுஸ் ஓனர் அக்காவிடம் கேட்டேன்.

"ஓட்ட போட்டா செவுரு இன்னாத்துக்கு ஆவும்?" என்றபடியே மேலே வந்தார். டிராயர்களைத் தானே திறந்தார். மேல் டிராயரைக் கையால் லேசாக அழுத்தினார். கண்ணாடி அப்படியே குனிந்து அவரைப் பார்த்தது.

பிடித்து நிமிர்த்திவிட்டு டிராயர்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"சாமிக்குச் சொன்ன ஆணிய அடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப அத்த இங்க அடிச்சிக்கோ."

கிளாம்ப் மாட்டியாயிற்று. டேபிள் அசையவில்லை. முருகர் படம் மட்டும் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது.

மகள் இப்போது ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் ஓனர் எத்தனை சாமி வரைக்கும் ஆணி அடிக்க விடுவார்?