அழிந்துபோன நாலு நிமிஷம்

பேய்க்கதை சொல்ல வருகிறவர்களை எல்லாம் ‘வீடியோ இருக்கா?’ என்று கேட்டே விரட்டியவன் நான். நீங்களும் என்னிடம் அதையே கேட்கலாம், தப்பில்லை. வீடியோ இல்லை. ஒரு கேசட் இருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த ஒரே அறையில். சில நாள் பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு மறந்துபோகும். துணைக்கு இருப்பது பழைய கிறிஸ்துமஸ் இசைதான், அதுவும் பாட்டில்லாத வெறும் வாத்திய இசை. ஆர்கன், ஹவாயன் கிட்டார், கிளாரினெட், பின்னால் ரெக்கார்டு கீறுகிற சத்தம். குளத்தூர்ப் பக்கம் உளுந்தும் பருத்தியும் போடுகிற எங்கள் வீட்டுக்கு இது புரியாது. அம்மா போனில் கேட்பாள், “ஏலே, ஊர்க் கோயில் கொடைக்கு வர லீவு இல்ல, கிறிஸ்மஸ் கொட்டு கேக்க மட்டும் நேரம் இருக்கோ?”

கீழ்வீட்டில் எஸ்தர் டீச்சர் தனியாக இருக்கிறார்கள். சர்ச்சில் வயலின் வாசித்த அவர்கள் கணவர் இது நடந்த வருஷம் பங்குனியில் இறந்துபோனார். துக்க வருஷம் என்பதால் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டவில்லை. தெருவிலேயே அந்த ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. என் அறை இசை கீழே கேட்டிருக்க வேண்டும், ஒருநாள் கூப்பிட்டு ஒரு கேசட்டைக் கொடுத்தார்கள்.

“அவிய வாசிச்சதுல மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான் தம்பி. கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாரியா? கிறிஸ்மஸ் அன்னைக்குக் கேக்கணும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பழைய சாமான் கடையில் வாங்கிய டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, வயரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். மத்தியானம் மூன்று மணி. ரெக்கார்டு பண்ண வேண்டியது கம்ப்யூட்டர். ‘ரெக்கார்டு, ரெக்கார்டு’ என்றே மனசு ஓடிக்கொண்டிருந்ததா, அவசரத்தில் டேப் ரெக்கார்டரின் சிவப்பு ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டேன். ஹெட்போனில் சத்தமே இல்லை. வயர் சரியில்லை போல என்று அதை ஆட்டிக்கொண்டே இருந்தேன், நடுவில் அம்மாவிடம் போன் பேசினேன். நாலு நிமிஷம் கழித்துத்தான் சிவப்புப் பட்டன் கண்ணில் பட்டது.

சட்டென்று நிறுத்தினேன். உலகத்தில் அவர் வாசித்ததாக இருப்பது அந்த ஒரு டேப், அதில் நாலு நிமிஷத்தை மேலேயே பதிவு பண்ணி நான் அழித்துவிட்டேன்.

எவ்வளவு போயிற்று என்று பார்க்க முதலிலிருந்து ஓட்டினேன். என் ஃபேன் கிறீச்சிடுவது கேட்டது. கழுகுமலை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சரி, ரெக்கார்டரோடு இருக்கிற மைக்கில் என் அறைதான் பதிவாகியிருக்கிறது. நம்பினால் நம்புங்கள், அதற்குள்ளேயே வயலினும் கேட்டது. அடியில் மிச்சம் இருந்த பழைய சத்தம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் “சாப்ட்டேம்மா, சாம்பார்தான்” என்று என் குரல் வந்ததும் வயலின் தணிந்தது. நான் போனை வைக்கும்வரை அப்படியே மெதுவாக இழுத்து, வைத்த பிறகு பழையபடி எழுந்தது.

கேசட்டையும் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

“ஏன் தம்பி, மொகம் இப்படிச் செத்துக் கெடக்கு?”

“டீச்சர், அழிச்சிட்டேன். ஆனா அழியல. நீங்களே கேளுங்க.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். என் சாம்பார் வந்த இடத்தில் சிரித்தார்கள். “யாராவது பேசினா அவிய இப்படித்தான் தணிச்சி வாசிப்பாவ.” பயப்படவே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்கள். “அந்தச் சரசரப்பைக் கேட்டியா?”

“டேப் பழசு டீச்சர், அதான்.”

“இல்ல, தாள் பெரட்டுத சத்தம். அவியளுக்கு நோட்டுப் பாக்காம வாசிக்க வராது. பக்கத்துல நின்னு நாந்தான் பெரட்டுவேன்.” டேப்பைத் தள்ளி, அழியாத பகுதியை ஓட்டச் சொன்னார்கள். அங்கேயும் தாள் புரண்டது, ஒவ்வொரு தடவையும் கூடவே டீச்சரின் வளையல் குலுங்கியது. மறுபடி என் நாலு நிமிஷத்துக்கு வந்தோம். தாள் மட்டும் புரண்டது.

டீச்சர் தன் கையைப் பார்த்தார்கள். “நான் இங்கன இருக்கேன். அங்கன யாரு தம்பி பெரட்டுதா?”

நான் ரெக்கார்டரை நிறுத்தினேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அந்த நாலு நிமிஷத்தை மட்டும் விட்டுவிட்டு, நான் ஏற்றிக் கொடுத்த மீதியைக் கேட்டார்கள். கேசட்டை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்த நாலு நிமிஷத்தை நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வயலின் என் அறையின் எதிர் மூலையில் எங்கோ ஒலிக்கிறது. தாள் சத்தம் அப்படியில்லை, அதற்கும் எனக்கும் நடுவே இடமே இல்லை. அன்றைக்கு என் மேஜையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆனால் டேப்பில் அது என் மூச்சுச் சத்தத்தைவிடக் கிட்டத்தில் கேட்கிறது, என் கையே புரட்டுகிற மாதிரி.