ஒரு மணிச் சங்கு

போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ கட்சிக்காரரை வரவேற்கச் சரவெடி கொளுத்தினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த நான் கிளாஸை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன், யாராவது குப்புறக் கிடக்கிறார்களா என்று. பழக்கம்தான்.

என் தாய்மாமா பட்டாளத்துக்குப் போகும் முன் ஊரையே நடித்துக் காட்டுவார். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவது, பந்தியில் இரண்டாவது வடைக்குக் காத்திருப்பவரின் கழுத்து, எல்லாம் வரும். நான் எட்டாவதோடு நின்றபோது வாத்தியார் பட்ட சந்தோஷத்தையும் நடித்தார். அசல் வாத்தியாருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

எல்லையில் பல வருஷம் இருந்துவிட்டு அவர் ஒரேயடியாகத் திரும்பியபோது, நான் லாரி கிளீனர் வேலையை விட்டுவிட்டு ஊரில் சும்மா திரிந்தேன். சரவெடி வாங்கியது நான்தான். டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்; கொளுத்தினேன். மாமா குப்புற விழுந்து பெட்டியைத் தலைக்கு முன்னால் இழுத்துக்கொண்டார். நடிக்கிறார் என்று ஊரே சிரித்தது. "போதும் மாமா, எந்திரிங்க" என்றேன். வெடி தீர்ந்தும் எழவில்லை. அப்போதும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நான்.

எங்கள் ஊரை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதி, பிறகு வெடிப்பார்கள். சில நாள் ஐந்து நிமிஷத்தில், சில நாள் கால் மணி கழித்து. அடுக்குப் பாத்திரங்கள் குலுங்கும். எங்களுக்கு அது சோற்று நேரம். மாமா பன்னிரண்டு மணிக்கே அவற்றை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைப்பார். தட்டில் பிசைந்தது பிசைந்தபடி இருக்கும். அவர் மனைவி, என் அத்தை, தன் பிறந்த ஊரான அரும்பாவூருக்கே போய்விடலாம் என்று மூட்டை கட்டினாள். மாமா மசியவில்லை. ஒரு நாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சுரங்க ஆபீசுக்குப் போனார். வெடிக்கும் நேரத்தில் சிவப்புக் கொடியோடு ரோட்டை மறிக்கும் வேலையைக் கேட்டு வாங்கி வந்தார். அத்தை அழுதாள். போயும் போயும் இந்த வேலைதானா என்று நான் கேட்டேன்.

"ரோட்டுல ஆளில்லன்னு நான் விசில் குடுத்தாத்தான் மாப்ள அவன் வெடிக்கணும். எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அதன் பிறகு பாத்திரங்களை இறக்குவது நின்றது. எல்லாம் முடிந்து, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். பழைய பேச்சும் நடிப்பும் மட்டும் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக் கை கழுவியவர், என்னைப் பார்த்துக்கொண்டே நடித்தார்: குனிந்து திரி கொளுத்துவது, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, காதைப் பொத்திக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிப்பது. அச்சு அசலாக நான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே சிரித்ததும் நானும் சிரித்தேன்.

சில மாதங்களில் நான் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டேன். பிறகு எங்கெங்கோ.

இப்போது அந்தச் சுரங்கத்தில் கல் தீர்ந்து, பச்சைத் தண்ணீர் நிற்கிறது. சங்கு இல்லை. மாமா அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை மட்டும் இன்னும் இரண்டு மணிக்குத்தான் இலை போடுகிறாள். பசிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "செத்த இரு, வந்துரட்டும்" என்றாள்.